முப்பத்தொன்று

பல் துலக்கும் பிரஷ்தான். மாஹேபூர் சந்தையில்
டஜன் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கியது.
குழந்தைகளுக்கானது வேண்டும், மயிர் மெத்தென்று இருக்க வேண்டும் என்றேன்.
எத்தனை பிள்ளைகள் என்றார் கடைக்காரர்.
இருநூற்றுப் பதினான்கு என்றேன்.
சில்லறையை இருமுறை எண்ணிக் கொடுத்தார்.

நான்கு மீட்டர் ஆழத்தில்
இரும்பு மேசை, மேசைமேல் கயிறு,
கயிற்றின் புரிகளைப் பிரித்துச் செருகிய
சுண்டுவிரல் நீள மான்கொம்புப் பவளத் துண்டுகள்.
பாசி படிந்தால் மூச்சு முட்டும்.
நத்தை ஏறினால் தோலை உரித்துத் தின்னும்.
ஆகவே செவ்வாயும் வெள்ளியும்
(கோயிலுக்குப் போகிற நாளாயிற்றே என்பாள் என் அத்தை)
தலைகீழாய்த் தொங்கித் துலக்குகிறேன்.
நத்தைகளை இடுக்கியால் பொறுக்கிப் புட்டியில் போடுகிறேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நவமணிகளின் பட்டியலில் வந்தது பவளம்.
முத்துக்கு அடுத்ததாய் ஒப்பித்தேன், மதிப்பெண் வாங்கினேன்.
அதற்குப் பசிக்கும்,
இருட்டியதும் ஆயிரம் விரல்களை நீட்டி
மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும் என்று
பட்டியலில் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டினால்
வெள்ளையாய் உதிரும்.
அப்பாவின் பெரியப்பா வீராப்பென்
கடப்பாரையோடு இதே காயலில் இறங்கியவர்.
பாறை என்று பெயர்த்து, படகில் ஏற்றி,
விறகடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றவர்.
சர்க்கரை ஆலை வாங்கியது.
கோயில் மதில் வாங்கியது.
மிச்சத்தில் எங்கள் வீடு.
அந்தச் சுவரில் முதுகு சாய்த்து உட்காரும்போது
எதன்மேல் சாய்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.
குற்ற உணர்ச்சி இல்லை.
கணக்கு, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கடல் சூடேறியது.
படகோட்டி ழான்-நோயல் நீரில் கையை விட்டு
"சூப்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
முதல் வாரம் துண்டுகள் ஒளிர்ந்தன,
நீலமும் இளஞ்சிவப்புமாய், கல்யாண வீட்டு விளக்குபோல.
அழகாக இருந்தன. அதுதான் கொடுமை.
இரண்டாம் வாரம் வெள்ளை.
மூன்றாம் வாரம் பாசி.
பிரஷ்ஷை வைத்துக்கொண்டு
எதைத் துலக்குவது என்று தெரியாமல்
காற்று தீரும்வரை அங்கேயே மிதந்தேன்.

ஏப்ரலில் எண்ணினோம்.
ஸ்லேட்டை நீட்டினேன். ரூமிலா
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.
முப்பத்தொன்று.
பதினேழாம் கயிற்றில் மட்டும் இருபத்தாறு,
எல்லாம் ஒரே தாயிடமிருந்து வெட்டியவை.
தினமும் நண்பகலில் கொதிக்கிற
கரையோரக் குட்டையில் வளர்ந்தவள் அவள்,
அழுக்குப் பழுப்பு நிறம்.
படமெடுக்கக்கூட அவள்முன் யாரும் நின்றதில்லை.

"வெட்டு" என்றாள் ரூமிலா.
பிழைத்ததையா?
"பிழைத்ததைத்தான்."

குறடு நீருக்கடியில்
நெட்டி முறிப்பதுபோல் ஒலிக்கிறது.
வெட்டிய இடத்தில் கோழை கசிகிறது.
ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன்,
வாயில் ரப்பர் குழாய்.
ஒன்றை மூன்றாக்கி, தொண்ணூற்று மூன்று.
பாதிக்குமேல் மறுபடி கயிற்றுக்கு.
மீதியைச் சிமெண்ட் வில்லைகளில் ஒட்டி,
சூளைக்காரர்கள் பெயர்த்த பழைய பள்ளத்திலேயே
ஆணியடித்து இறுக்கினோம்.
சிமெண்டும் சுண்ணாம்பிலிருந்து வந்ததுதான் என்று
பாதி வேலையில் உறைத்தது.
சிரித்துவிட்டேன். முகமூடிக்குள் நீர் புகுந்தது.

அறிக்கையில் மீட்பு என்று எழுதுவார்கள்.
ஹோட்டலில் பலகை வைப்பார்கள், பச்சை எழுத்தில்.
அடுத்த பிப்ரவரியிடம்
யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, பிரஷ்ஷோடு, மூன்றாவது வில்லையருகே
கட்டைவிரல் அளவில் ஒரு மீன்,
கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டது,
எதிரே வந்து நின்று முறைத்தது.
துலக்கக் கை நீட்டினேன்.
கடித்தது.
இது என் வேலை என்று மறுபடி நீட்டினேன்.
மறுபடி கடித்தது.
பிறந்து ஒரு மாதம் இருக்குமா அதற்கு?
கையை எடுத்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.